தட்டு தயார், எடுத்துப் போக ஆள் இல்லை: உணவகக் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் உணவகம் நடத்துகிறவர்களும் அங்கே வேலை பார்க்கிறவர்களும் எழுதியவை நிறைய. பெரும்பாலும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரும் இல்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் உணவகத்தில் சமையலறையும் முன்பக்கமும் சேர்த்துப் பதினான்கு பேர். யாருக்கும் தனி வேலை என்று கிடையாது, எல்லாரும் எல்லாம் பார்ப்பார்கள், ஆரம்பத்திலிருந்து குடும்பம் மாதிரித்தான் ஓடியது. இப்போது கூட்டம் வந்துவிட்டால் ஒரே மேசைக்கு இரண்டு பேர் போய் ஆர்டர் கேட்கிறார்கள், பக்கத்து மேசையில் தண்ணீர்கூட வைக்காமல் கால்மணி நேரம் ஓடிவிடுகிறது. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் அந்த ஒற்றுமை போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். உங்கள் கடையில் இருக்கும் ஒற்றுமை கூட்டம் இல்லாத நேரத்து ஒற்றுமை. கூட்டம் வந்ததும் யார் போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருமே கிளம்புகிறார்கள், ராத்திரி ஷட்டரை இறக்கும்போது ‘இன்றைக்கும் நான்தான் எல்லாவற்றையும் இழுத்தேன்’ என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு கணக்கு எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கணக்குதான் ஒற்றுமையைக் கெடுக்கும்.

உங்கள் ஆட்கள் சோம்பேறிகள் என்றும் நினைக்காதீர்கள். 1968-ல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறைகளில் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருப்பவர்களில் ஒருவருக்கு வலிப்பு வந்த மாதிரி சத்தம் கேட்கும், கேட்டவர் எழுந்து போய்ச் சொல்கிறாரா என்று பார்த்தார்கள். அதைக் கேட்பது தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் ஓய்வதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான். உயிர் போகிற விஷயத்திலேயே இப்படி என்றால், தண்ணீர் வைக்காத மேசை எம்மாத்திரம்?

இனி எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதற்கு வருவோம். பலர் நேராகப் பதவிப் பட்டியல் எழுத உட்கார்ந்துவிடுவார்கள்: சூப்பர்வைசர், சீனியர் சப்ளையர், ஜூனியர் சப்ளையர் என்று. அதைச் செய்யாதீர்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஓர் ஓரமாக நில்லுங்கள், எதிலும் கை வைக்காமல் (உரிமையாளர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், நீங்கள் பத்து நிமிஷத்தில் ஒரு தட்டைத் தூக்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்), ஒரு பொருளோ தகவலோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற இடங்களை மட்டும் எழுதுங்கள். உள்ளே வருகிறவரை உட்கார வைப்பது யார், உட்கார்ந்தவரை முதலில் பார்ப்பது யார், ஆர்டர் சீட்டு சமையலறைக்குள் யார் கையில் போகிறது, தயாரான தட்டு மேடைக்கு வந்ததும் யார் எடுக்கிறார், காலியான தட்டு எப்படிக் கழுவுமிடம் போகிறது, கழுவிய தட்டைத் திரும்ப அடுக்குவது யார், பில் கேட்டதும் அது யார் காதில் விழுகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே பெயர் எழுதிக்கொண்டே வந்தால் சில இடங்களில் இரண்டு மூன்று பெயர் வரும், சில இடங்களில் பெயரே வராது. உங்கள் உணவகத்தின் எல்லாப் பிரச்சினையும் அந்த இடங்களில்தான் இருக்கிறது. ஒருவர் தன் கையில் இருக்கும் வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் செய்வார், அதை அடுத்தவரிடம் கொடுக்கும் இடத்தில்தான் கீழே விழும். அந்த இடங்களுக்கு ஆள் போட்ட பிறகு மற்றதைப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்கும்போது நாலு விஷயத்தை எழுதிக் கொடுத்தால் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் போகவே கூடாது. அவர் எங்கே நிற்க வேண்டும், எதை முடித்துக் கொடுக்க வேண்டும், முடித்ததை யாரிடம் கொடுக்க வேண்டும், அப்புறம் யாரையும் கேட்காமல் எதைத் தானே முடிவு செய்யலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளர் ‘இது ஆறிப்போயிருக்கிறது’ என்று தட்டைத் திருப்பினால் சப்ளையர் தானே வேறு தட்டு வாங்கிக் கொடுக்கலாமா, இல்லை உங்களைத் தேடிக் கல்லாவுக்கு ஓடி வர வேண்டுமா? ஓடித்தான் வர வேண்டும் என்றால் அவருக்கு நீங்கள் கொடுத்தது பொறுப்பே இல்லை, வெறும் நடை.

சமையலறைக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே தட்டு வைக்கும் மேடை இருக்கிறதல்லவா, அங்கே கூட்ட நேரத்தில் ஒரே ஒருவர் நிற்க வேண்டும். ஆர்டர் சீட்டை வாங்கி உரக்கப் படிப்பது, எது முன்னால் எது பின்னால் என்று சொல்வது, ஒரு மேசைக்குரிய தட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்தனவா என்று பார்த்து அனுப்புவது, இவ்வளவுதான் அவர் வேலை. இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. பிரெஞ்சு சமையல் நிபுணர் அகுஸ்த் எஸ்கோஃபியே 1890-ல் லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் போனபோது அங்கே கொண்டுவந்த சமையலறை முறையில் ஆர்டரைச் சொல்வதற்கென்றே ஓர் ஆள் உண்டு. அதற்கு முன்னால் ஒரு பதார்த்தத்தை ஒரே சமையல்காரர் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்வார். எஸ்கோஃபியே அதைப் பிரித்தார்: சாஸ் ஒருவர், வறுப்பதும் சுடுவதும் ஒருவர், முட்டையும் காய்கறியும் ஒருவர். ஒருவர் தனியாகச் செய்தால் கால்மணி நேரம் பிடிக்கிற முட்டைப் பதார்த்தம், மூன்று பேர் மூன்று பகுதியைச் செய்து ஒரே தட்டில் சேர்க்கும்போது சில நிமிஷங்களில் தயாரானது. இதில் கவனிக்க வேண்டியது வேகத்தை மட்டும் இல்லை, மூன்று பேர் செய்ததைச் சேர்க்கிற இடம் ஒன்று வந்துவிட்டதால் அங்கே ஒருவர் பொறுப்பாக நிற்க வேண்டியதாயிற்று. பிரித்தால் சேர்க்க ஆள் வேண்டும், பலர் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முன்பக்கத்தில் மேசைகளுக்கு எண் போட்டு ஆளுக்கு ஒரு பகுதி கொடுங்கள். எண்ணிக்கையில் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை, வாசல் பக்கத்து மேசைகள் அடிக்கடி காலியாகி அடிக்கடி நிறையும், பெரிய மேசை ஒன்று சின்ன மேசை மூன்றுக்குச் சமமான வேலை வைக்கும். முதல் வாரம் தப்பாகத்தான் பிரிப்பீர்கள், இரண்டாவது வாரம் மாற்றிக்கொள்ளலாம்.

இடம் போதாமல் ஆட்கள் முட்டிக்கொள்கிறார்கள் என்றால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் தங்கள் கடையைக் கொஞ்ச நாள் மூடி, உணவு வகைகளைக் குறைத்து, அடுப்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், பானத்துக்கு ஒருவர் என்று பிரித்துத் திறந்தார்கள். பின்னால் புதுச் சமையலறை கட்டும்போது ஒரு டென்னிஸ் மைதானத்தில் சாக்கட்டியால் அடுப்பு, மேசை எல்லாம் நிஜ அளவில் வரைந்து, ஊழியர்களை அதற்குள் வேலை செய்கிற மாதிரி நடக்கவிட்டு, யார் யாரோடு முட்டுகிறார்கள் என்று பார்த்துக் கோடுகளை அழித்து அழித்து வரைந்தார்கள். உங்களுக்கு மைதானம் தேவையில்லை, கடை மூடிய பிறகு தரையில் சாக்கட்டி போதும்.

கேள்வி: எங்களிடம் இருந்ததிலேயே கைதேர்ந்த மாஸ்டரைச் சமையலறைக்கே சூப்பர்வைசராக ஆக்கினேன். சம்பளமும் கூட்டினேன். இப்போது சமையலும் முன்பு மாதிரி இல்லை, மற்ற ஆட்களும் அவர்மேல் புகார் சொல்கிறார்கள். அவரும் சந்தோஷமாக இல்லை. தப்பு யாருடையது?

பதில்: தப்பு அந்த நாற்காலியுடையது. அடுப்பில் நிற்பவருக்குத் தன் கையும் நாக்கும் போதும். சூப்பர்வைசருக்கு மற்றவர்கள் கையைப் பார்த்துக்கொண்டு, தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். நன்றாகச் சமைக்கிறவருக்குச் சுமாராகச் சமைக்கிறவரைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தாங்காது, கரண்டியைப் பிடுங்கிவிடுவார், பிடுங்கப்பட்டவர் மறுநாளிலிருந்து எதையும் முழுசாகச் செய்ய மாட்டார். உங்கள் மாஸ்டர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கு நீங்கள் கொடுத்தது வேறு தொழில். அமெரிக்காவில் விற்பனை ஊழியர்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வும் இதையேதான் சொல்கிறது: அதிகமாக விற்றவர்களைப் பார்த்துத்தான் மேலாளர் ஆக்கினார்கள், ஆனால் அப்படி வந்தவர்களின் கீழ் இருந்தவர்களுடைய விற்பனை சரிந்தது.

அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள், கூட்ட நேரத்தில் வேண்டாம். சம்பளத்தில் ஒரு காசு குறைக்காமல் அடுப்புக்கே திரும்பச் சொல்லுங்கள், அதோடு ருசி, அளவு, புதுப் பதார்த்தம் இந்த மூன்றிலும் கடைசி வார்த்தை அவருடையது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அறிவியுங்கள். ஷிஃப்ட் போடுவது, லீவு, சரக்குக் கணக்கு, சண்டை தீர்ப்பது எல்லாம் இன்னொருவரிடம் போகட்டும். அந்த இன்னொருவர் இரண்டாந்தரச் சமையல்காரராக இருந்தாலும் பரவாயில்லை, தட்டு மேடையில் நிற்கும்போது நிதானமாக இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். சம்பள உயர்வு வேண்டுமென்றால் அடுப்பை விட்டு வர வேண்டும் என்ற நிலையை உங்கள் கடையில் வைக்காதீர்கள், வைத்தால் அடுத்த மாஸ்டரும் இதே நாற்காலியில்தான் வந்து உட்காருவார்.

கேள்வி: அண்ணா, நான் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். சேர்ந்தபோது ‘கொஞ்ச நாள் இதைப் பாரு, அப்புறம் சமையலுக்கு எடுத்துக்கொள்கிறோம்’ என்றார்கள். எனக்குப் பிறகு வந்த இரண்டு பேர் சமையலறைக்குப் போய்விட்டார்கள். கேட்டால் ‘நீ போனால் அங்கே யார் நிற்பது’ என்கிறார்கள். நன்றாக வேலை செய்வதுதான் நான் செய்த தப்பா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் நிற்கும் இடம் நின்றால் கடையே நிற்கும். மாஸ்டர் எவ்வளவு வேகமாகச் சமைத்தாலும் வைக்கத் தட்டு இல்லையென்றால் மேசைக்கு எதுவும் போகாது. இது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் உங்களை நகர்த்தப் பயப்படுகிறார்கள், ஆனால் அதற்கான மரியாதையோ சம்பளமோ கொடுக்க மறந்துவிட்டார்கள்.

‘சமையலுக்குப் போக வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அதற்கு ‘பார்க்கலாம்’ என்றுதான் பதில் வரும். ஒரே ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் காய் நறுக்குவதை ஒரு மணி நேரம் நான் பார்க்கிறேன், அந்த நேரத்தில் கழுவுமிடத்தில் இன்னாரை நிறுத்துங்கள், அவருக்கு நான் சொல்லித் தருகிறேன் என்று கேளுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவரை நீங்களே காட்டிவிட்டால் ‘யார் நிற்பது’ என்று மறுக்க முடியாது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள், ‘கற்றுக்கொள்கிறாயே’ என்று சும்மா வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தேதியும் கேளுங்கள். தேதி கொடுக்க மறுத்தால் வேறு கடை பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை.

இதைப் படிக்கும் உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: நன்றாகக் கழுவுகிறவரை அங்கேயே வைத்திருக்க விரும்பினால் அதற்குரிய சம்பளத்தைக் கொடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். இரண்டும் செய்யாவிட்டால் ஒரு நாள் சொல்லாமல் போய்விடுவார், அன்றைக்கு நீங்கள்தான் அங்கே நிற்பீர்கள்.

கேள்வி: புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்முகத்தில் எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். பத்து வருஷ அனுபவம் என்கிறார்கள். ஒரு வாரத்தில் சாயம் வெளுத்துவிடுகிறது. எந்த ஆள் எந்த வேலைக்குச் சரி என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: பேச வைத்தால் பேசத் தெரிந்தவர்தான் கிடைப்பார். ஒரு வேலைக்கு அது போதும்தான், மற்ற வேலைகளுக்கு?

ஆள் எடுக்கும் முறைகளில் எது பின்னால் வரப்போகும் வேலைத்திறனைச் சரியாகக் காட்டுகிறது என்று ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998-ல் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டார்கள். பால் சாக்கெட்டும் உடனிருந்தவர்களும் 2022-ல் அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டார்கள், பழைய கணக்கில் பல முறைகளுக்கு மதிப்பைக் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்றும் காட்டினார்கள். ஆனால் இரண்டு கணக்கிலும் மாறாத விஷயங்கள் உண்டு: மனம் போன போக்கில் பேசுகிற நேர்முகத்தைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிற நேர்முகம் மேல், வேலையையே கொஞ்சம் செய்ய வைத்துப் பார்ப்பதும் மேல். அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு இரண்டிலும் அடிமட்டத்தில்தான் இடம். பத்து வருஷ அனுபவம் என்பது சில பேரிடம் ஒரு வருஷ அனுபவம் பத்து முறை நடந்ததாக இருக்கும்.

ஆகவே ஒரு ஷிஃப்ட் வேலை கொடுத்துப் பாருங்கள், அதற்குக் கூலியும் கொடுத்துவிடுங்கள். என்ன பார்ப்பது என்பது வேலைக்கு வேலை மாறும். சப்ளையரா, உங்கள் ஆட்கள் நாலு பேரை வாடிக்கையாளராக உட்கார வையுங்கள், ஒருவர் ஆர்டரைப் பாதியில் மாற்றட்டும், ஒருவர் ‘இதில் என்னென்ன சேரும்’ என்று கேட்கட்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறாரா, இல்லை ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று உள்ளே போகிறாரா என்று பாருங்கள், இரண்டாவது ஆளை எடுங்கள். தட்டு கொண்டு போனவர் திரும்பி வரும்போது வெறுங்கையோடு வருகிறாரா, வழியில் இருக்கும் காலித் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறாரா என்பதையும் பாருங்கள், இதைச் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் தானாகவே செய்கிறவருக்குக் கண் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம்.

சமையலுக்கு வருகிறவரை ஒரே பதார்த்தத்தை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை பிரமாதமாக வந்ததைவிட இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்ததா என்பதுதான் முக்கியம், வாடிக்கையாளர் போன வாரம் சாப்பிட்டதைத்தான் இந்த வாரமும் தேடி வருகிறார். அந்த இடைவெளியில் அவருடைய மேசை எப்படி இருக்கிறது என்றும் ஒரு பார்வை. கல்லாவுக்கு வருகிறவர் முன்னால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசட்டும், அப்போதும் சில்லறையை இரண்டாவது முறை எண்ணுகிறாரா? தட்டு மேடையில் நிற்கப் போகிறவரிடம் ஆறு ஆர்டர் சீட்டைக் கொடுத்து எதை முதலில் சொல்வீர்கள், ஏன் என்று கேளுங்கள். ஏன் என்பதற்கு அவர் சொல்கிற பதில்தான் பரீட்சை.

கூச்சப்படுகிறவரைப் பார்த்ததும் ‘இவர் உள்ளே, கழுவுமிடத்துக்கு’ என்று முடிவு கட்டாதீர்கள். அதிகம் பேசாத சப்ளையரை விரும்புகிற வாடிக்கையாளர்கள் ஏராளம், அவர்கள் சாப்பிட வந்தவர்கள், அரட்டைக்கு வந்தவர்கள் இல்லை.

கேள்வி: வேலையைப் பிரித்து எழுதிக் கொடுத்தோம். அதிலிருந்து ‘இது என் வேலை இல்லை’ என்கிற பேச்சு ஆரம்பித்துவிட்டது. பழையபடியே விட்டிருக்கலாமோ?

பதில்: எழுதியது பாதிதான், மீதியையும் எழுதுங்கள். ஒவ்வொருவருடைய தாளிலும் ‘என் இடத்தில் வேலை இல்லாதபோது நான் போக வேண்டிய இடம்’ என்று ஒரு வரி சேருங்கள், ஒரே ஓர் இடம், ‘எங்கே தேவையோ அங்கே’ என்று எழுதினால் அது எங்கேயும் இல்லை. பானம் தயாரிக்கிறவர் சும்மா இருந்தால் டம்ளர் துடைக்கும் இடத்துக்கு, வாசலில் வரவேற்கிறவர் சும்மா இருந்தால் மேசை துடைக்க. தன் இடத்துக்கு ஆர்டர் வந்ததும் திரும்பிவிடலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். போன இடத்திலேயே மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் பலர் நகர மறுக்கிறார்கள்.

கேள்வி: ஒரு வாடிக்கையாளர் தனக்கு நிலக்கடலை ஆகாது என்று சப்ளையரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சப்ளையர் சமையலறையில் சொன்னேன் என்கிறார், சமையலறையில் யாரும் கேட்கவில்லை என்கிறார்கள். நல்லவேளை, முதல் வாய் வைப்பதற்கு முன் அவரே மறுபடி கேட்டதால் தப்பித்தோம். யாரைக் கண்டிப்பது?

பதில்: இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். சப்ளையர் கூட்டத்துக்கு நடுவே உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்திருப்பார், அது எண்ணெய்ச் சத்தத்தில் கரைந்துபோயிருக்கும். ‘சமையலறையில் சொன்னேன்’ என்றால் யாரிடம்? சமையலறைக்குக் காது கிடையாது, அங்கே நிற்கிற ஓர் ஆளுக்குத்தான் உண்டு.

ஒவ்வாமை என்பது சின்ன விஷயம் இல்லை, சிலருக்குக் கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைத்துவிடும், உயிரும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகைப் பொருள்களை ஒவ்வாமைப் பட்டியலில் வைத்து, 2014 டிசம்பரிலிருந்து உணவகங்களும் அவற்றைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் இடத்தில் என்ன விதி என்று பாருங்கள், விதி எப்படி இருந்தாலும் செய்தி போகும் வழியை நீங்கள்தான் போட வேண்டும். சப்ளையர் வாயால் சொல்லக் கூடாது, ஆர்டர் சீட்டிலேயே வேறு நிற மையில் எழுத வேண்டும். அந்தச் சீட்டைத் தட்டு மேடையில் நிற்பவரிடம் நேராகக் காட்ட வேண்டும், அவர் சமைக்கப் போகிறவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் படிக்க வேண்டும், சமைப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத வரை செய்தி போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு தயாரானதும் மற்ற தட்டுகளோடு கலக்காமல் தனியாக, ஆர்டர் எடுத்த அதே சப்ளையரே கொண்டு போக வேண்டும், ‘நீங்கள் சொன்னபடி இதில் கடலை இல்லை’ என்று சொல்லி வைக்க வேண்டும். பொடித்த கடலை விழுந்த பலகையிலோ, அதே கரண்டியிலோ செய்துவிட்டு மேலே தூவவில்லை என்று சொன்னால் அது கடலை இல்லாத தட்டு ஆகாது, இது சமையலறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யாரையும் கண்டிக்க வேண்டாம். இந்த வழியைப் போட்ட பிறகும் ஒருவர் வாயால் சொல்லிவிட்டுப் போனால் அப்போது கண்டியுங்கள்.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, கூட மூன்று பேர், அவ்வளவுதான். சமையல், கல்லா, பரிமாறுவது, கழுவுவது, சரக்கு, பார்சல், கணக்கு, அது இது என்று எட்டு வேலை இருக்கிறது. எட்டு வேலைக்கு ஐந்து பேர் என்றால் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

பதில்: பிரிக்க நிறையவே இருக்கிறது, ஆள் வாரியாகப் பிரிக்காமல் நேர வாரியாகப் பிரியுங்கள். எட்டு வேலையும் ஒரே நேரத்தில் வருவதில்லை. சரக்கு வாங்கி அடுக்குவது கூட்டத்துக்கு முன்னால் முடிந்துவிடும், கணக்குப் பார்ப்பது கூட்டத்துக்குப் பிறகு. கூட்ட நேரத்தில் உயிரோடு இருப்பது நாலைந்து வேலைதான். இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை நீங்கள் யார் என்று ஐந்து பேருக்கும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சேர்க்கவே கூடாத சேர்க்கைகள் சில உண்டு. காசு வாங்குகிற கையால் தட்டில் உணவு எடுத்து வைப்பது அதில் ஒன்று, பச்சை இறைச்சி நறுக்குகிறவரே நடுநடுவே சமைத்த உணவைப் பரிமாறுவது இன்னொன்று. ஆள் பற்றாக்குறையில் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அந்த வேலையின் பகுதி, நேரம் கிடைத்தால் செய்வது இல்லை.

சின்னக் கடைகளில் பெயரே இல்லாமல் கிடக்கும் பொறுப்பு வேறு இரண்டு. சமைத்தது எவ்வளவு நேரமாக வெளியே இருக்கிறது என்று பார்ப்பது முதலாவது. சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், குளிரில் வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழே, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேலே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதை யாராவது ஒருவர் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டும், ஐந்து பேரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, உடம்பு சரியில்லாமல் வந்தவரை வீட்டுக்கு அனுப்புவது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர் அது நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடும் வேலைக்கு வரக் கூடாது என்பது பல நாடுகளில் உணவுப் பாதுகாப்புத் துறைகள் சொல்கிற அளவு. ஐந்து பேர் கடையில் ஒருவர் இல்லையென்றால் திண்டாட்டம் என்பதால் வந்தவரும் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்க மாட்டீர்கள். கேட்கிற பொறுப்பு உங்கள் இருவரில் யாருடையது என்று இன்றைக்கே பேசிவிடுங்கள். நாலு பேராக ஓட்டும் நாளில் எந்தெந்தப் பதார்த்தங்களை நிறுத்துவது என்றும் முன்பே எழுதி வைத்தால் அவரைத் தைரியமாக அனுப்பலாம்.

கேள்வி: என் மனைவியின் தம்பி கடையில் இருக்கிறார். என்ன வேலை என்று கேட்டால் ‘மேற்பார்வை’ என்பார். சப்ளையரிடம் ஒன்று சொல்வார், மாஸ்டரிடம் வேறு சொல்வார், நான் போட்ட ஷிஃப்டை மாற்றிவிடுவார். வெளியே அனுப்பவும் முடியாது, வீட்டில் பிரச்சினை ஆகிவிடும். என்ன செய்யலாம்?

பதில்: மேற்பார்வை என்பது வேலை இல்லை, எதை மேற்பார்ப்பது என்று ஒரு சொல் முன்னால் வந்தால்தான் அது வேலை ஆகும். மச்சானுக்குச் சரக்கு வரவைக் கொடுங்கள். எடை பார்ப்பது, பில்லோடு ஒத்துப் பார்ப்பது, பழையது முன்னால் புதியது பின்னால் என்று அடுக்குவது, தீரப்போவதை முதல் நாளே சொல்வது எல்லாம் அவருடையது. நம்பிக்கையான ஆள் தேவைப்படும் இடம்தான், கௌரவமாகவும் இருக்கும், அதே சமயம் குறைந்தால் எடையில் தெரிந்துவிடும். சரக்கு விஷயத்தில் மாஸ்டர்கூட அவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், ஷிஃப்ட் விஷயத்தில் அவர் உங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கூட்ட நேரத்தில் அவர் இடம் ஸ்டோர்.

மனைவியிடம் முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.